அடையாளம் கண்டவர்: இ. ரூபவதி

ஜூலை 8, திங்கள்

முதலாண்டுக்கு இன்று வகைப்பாடு ஆரம்பித்தேன். முப்பத்தொரு வருடமாக ஆரம்பிக்கும் அதே இடம்தான். கரும்பலகையில் ஏழு படிகள்: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். மேல்படியில் எல்லோருக்கும் இடம் உண்டு. கீழே இறங்க இறங்கக் கூட்டம் குறைந்து, கடைசிப் படியில் ஒரே ஒரு பிராணி நிற்கும். எடுத்துக்காட்டுக்கு எப்போதும் வெள்ளாடு. அதைப் பார்க்காத பிள்ளை இந்த மலையடிவாரத்தில் கிடையாது. விலங்குலகம், முதுகுநாணி, பாலூட்டி, இரட்டைக் குளம்பி, மாட்டுக் குடும்பம், கேப்ரா, கேப்ரா ஹிர்கஸ். ஆடு மாட்டுக் குடும்பம் என்றதும் வகுப்பு சிரித்தது. வருடா வருடம் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

"அப்ப செம்மறி மேடம்?" என்றாள் ஒருத்தி. தமிழில் இரண்டுக்கும் ஆடு என்றுதான் பெயர், ஆனால் பேரினத்திலேயே பிரிந்துவிடும், செம்மறி ஓவிஸ் என்றேன். "வரையாடு?" என்றாள் அடுத்தவள். அது மூன்றாவது பேரினம், நீல்கிரிட்ராகஸ், உறவு பார்த்தால் வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் பக்கம். "பேர்ல ஆடு இருக்கறதால எல்லாம் ஒரே ஆடு ஆயிடாது" என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எதைச் சொன்னாலும் எழுதுகிறார்கள், அதுதான் இந்தக் கூட்டத்தோடு சங்கடம்.

மோட்டார் ரிப்பேர். மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. முழங்கால் வலி.

ஜூலை 11, வியாழன்

தரமதிப்பீட்டுக் குழு வர இன்னும் பதினொரு நாள். துறை அருங்காட்சியகத்தில் காலை முழுக்க ஜாடிகளைத் துடைத்துச் சீட்டுகளைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு சீட்டு உண்டு: பெயர், கிடைத்த இடம், தேதி, கடைசி வரியில் 'அடையாளம் கண்டவர்'. பெயர் தவறு என்று பிற்பாடு யாராவது கண்டால் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. அதற்குக் கீழே புதுச் சீட்டு ஒட்ட வேண்டும். தப்பு செய்தவர் பெயரும் அங்கேயே இருக்கும். நான் அப்படிப் பிறர் சீட்டுக்குக் கீழே ஒட்டியவை பத்தொன்பது. என் சீட்டுக்குக் கீழே ஒட்டப்பட்டது ஒன்றுகூட இல்லை. பெருமைக்காக எழுதவில்லை, எண்ணியதால் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு முதல்வர் அறைக்கு வரச் சொன்னார்கள். வனத்துறை ரேஞ்சர் தனுஷ்கோடி ஒரு சாக்கோடு உட்கார்ந்திருந்தார், கூடவே ஒரு பத்திரிகை நிருபர். மேலே ஏலத்தோட்டத்தில் காவல்காரனாக இருக்கும் பொம்மையன் என்பவன் வரையாட்டை அறுத்துத் தோட்டத்து லைன் வீடுகளுக்குப் பங்கு போட்டானாம். கறி தீர்ந்துவிட்டது. தோலோடு வாட்டியதால் தோலும் இல்லை. தலை மட்டும் பாதி வாட்டிய நிலையில் சிக்கியிருக்கிறது, கொம்பு ஒரு சாண் நீளமாம். இது வரையாடுதான் என்று விலங்கியல் துறையிலிருந்து ஒரு சான்று வேண்டும்.

"போன கணக்கெடுப்புல அந்தச் சரிவுல பதினாலுதான் மேடம் இருந்துச்சு. அதுல ஒண்ணு போச்சு" என்றார் ரேஞ்சர். நல்ல மனிதர். சொல்லும்போது முகமே வாடிவிட்டது. அவனுடைய வாக்குமூலத்தைக் காட்டினார். 'நான் வரையாட்டைத்தான் அறுத்தேன். வேறு ஆடு எதையும் தொடவில்லை' என்று எழுதி, கீழே கைநாட்டு.

"அவனே சொல்லிட்டானே. கொம்பு ஒரு சாண்னா பொட்டை வரையாடு" என்றேன். நிருபர் எழுதிக்கொண்டார். அப்புறம் சாக்கைப் பிரித்தார்கள். முகம் கருகி, முடி பொசுங்கியிருந்தது. தூக்கிப் பார்க்கையில் கொம்பின் முன்விளிம்பில் மாட்டி என் முந்தானை ஒரு விரற்கடை கிழிந்தது. பழைய புடவைதான். கல்லூரி லெட்டர்பேடில் 'பெண் வரையாடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் பன்னிரண்டு நிமிடம். ஜாடிகள் காத்திருந்தன.

"சாக்கப் பிரிக்காமலே சொல்லிட்டீங்களே மேடம்" என்று ரேஞ்சர் வியந்தார். முதல்வர் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

ஜூலை 12, வெள்ளி

பேப்பரில் மூன்றாம் பக்கம். 'வரையாட்டை நொடியில் அடையாளம் கண்ட பேராசிரியை.' படத்தில் கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். புடவைக் கிழிசல் தெரியவில்லை.

பொம்மையனைத் தேனியில் ரிமாண்ட் செய்துவிட்டார்களாம். ஜாமீன் கிடைக்காத பிரிவு.

ஜூலை 16, செவ்வாய்

நஸ்ரின் இன்று ஸ்டாஃப் ரூமில் போனை நீட்டினாள். என்னோடு எட்டு வருடமாகத் துறையில் வேலை செய்கிறாள். அன்றைக்கு முதல்வர் அறைக்கு என் பின்னாலேயே வந்து, பாடத்துக்கு ஆகும் என்று கொம்பை நாலு பக்கமும் படம் எடுத்திருக்கிறாள்.

"மேடம், முன்பக்கம் விளிம்பு கத்தி மாதிரி நிக்குதே. வரையாட்டுக்கு உள்பக்கம் தட்டையா, வெளிப்பக்கம் உருண்டையாத்தானே இருக்கும். முன்னாடி இப்படிக் கூர் வெள்ளாட்டுக்குத்தான வரும்?"

"போட்டோவ வச்சு அடையாளம் பாக்குறது எந்த சிலபஸ்ல இருக்கு நஸ்ரின்?"

"சாரி மேடம். சந்தேகமா இருந்துச்சு, அதான்."

படங்களை எனக்கு அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போனாள். நல்ல பெண்தான். எதிலும் அவசரம்.

ஜூலை 17, புதன்

நஸ்ரின் அனுப்பிய படங்களை அழித்துவிட்டேன். போனில் இடம் இல்லை.

ஜூலை 22, திங்கள்

குழு வந்து போனது. சீட்டுகளைப் பாராட்டினார்கள். மாலையில் இட்லி மாவு அரைத்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

மதியம் வகுப்பு முடிந்து வந்தால் துறை வாசலில் ஓர் ஆடு நிற்கிறது. செவலை நிறம், வெள்ளாட்டுப் பெட்டை. கயிற்றைப் பிடித்தபடி நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. வாட்ச்மேன் தடுத்ததற்கு, "விலங்கு படிக்கிற எடம்னுதான எழுதியிருக்கு" என்று கேட்டு உள்ளே வந்துவிட்டாளாம். பெயர் வீருசின்னம்மாள். பொம்மையன் மனைவி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இது அதோட கூடப் பொறந்தது டீச்சர். ஒரே ஈத்துல ரெண்டு குட்டி. தாய் செத்துப் போச்சு, ரெண்டுக்கும் நான்தான் புட்டியில பால் குடுத்து வளத்தேன். கொம்பப் பாருங்க. அதுக்கும் இப்படியேதான் இருக்கும்."

"அவர் வரையாட்டத்தான் அறுத்தேன்னு கைநாட்டு வச்சிருக்காரேம்மா."

"ஆமா, வரையாடுதான்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகென்ன என்றேன்.

"எங்க பக்கம் வீட்ல கட்டித் தீவனம் போடுறது கட்டாடு. வரையில, அந்தப் பாறைச் சரிவுல அவுத்துவிட்டு மேயிறது வரையாடு. ரெண்டும் வளக்கிற ஆடுதான். கட்டாடெல்லாம் தோட்டத்து முதலாளியோடது. வரையாடு எங்களது. காட்டுல தானா திரியிறத நாங்க கல்லாடுன்னுதான் சொல்லுவோம், அதுக்கிட்ட யாரும் போக மாட்டோம். இவுக ஜீப்புல வந்து, என்ன ஆட்ட அறுத்தன்னு அதட்டிக் கேட்டாக. முதலாளி ஆட்ட அறுத்துட்டான்னு கண்டிக்க வந்திருக்காகன்னு நெனச்சு, அய்யா நான் வரையாட்டத்தான் அறுத்தேன், வேற ஆட்டத் தொடலைன்னு சத்தியம் பண்ணிருக்காரு இந்த மனுசன்."

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். அவளே தொடர்ந்தாள்.

"பாறையில சறுக்கி விழுந்து ரெண்டு காலும் ஒடிஞ்சு கெடந்துச்சு. பொழைக்காதுன்னுதான் அறுத்தாரு. திருட்டு ஆட்ட அறுக்கிறவன் பத்து வீட்டுக்குக் கறி குடுப்பானா டீச்சர்? பேப்பர்ல உங்க படத்தப் பாத்தேன். நீங்க சொன்னாத்தான் கேப்பாகன்னு சொல்றாக. ஒருக்கா தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

தொட்டேன். கட்டைவிரலைக் கொம்பின் முன்பக்கமாக மேலிருந்து கீழே இழுத்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

"நான் பாத்தது வேற கொம்பும்மா. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சொல்ல வேண்டியதக் கோர்ட்ல சொல்லுங்க."

அதற்குள் ஆடு மேசையிலிருந்த ஒரு ரெக்கார்டு நோட்டின் முனையைத் தின்றுவிட்டிருந்தது. வீருசின்னம்மாள் பதறிப் போய் அதன் வாயிலிருந்து காகிதத்தைப் பிடுங்கி, நனைந்திருந்ததைத் தன் சேலையில் துடைத்து மேசையில் வைத்தாள். நஸ்ரின் அவளை வெளியே அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு பேரும் மரத்தடியில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலிலிருந்து பார்க்க நன்றாகத் தெரிந்தது.

பெருக்குகிறவர் லீவு. வராந்தாவில் கிடந்த புழுக்கையை நானே கூட்டி அள்ளினேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பாடத்துக்காக நூலகத்தில் கொம்புகள் பற்றிய அத்தியாயத்தைப் படித்தேன். பாறையில் உரசிக்கொண்டே இருந்தால் கொம்பு தேயும். தேய்ந்தால் விளிம்பு மழுங்கும். கூராகுமா என்று புத்தகத்தில் இல்லை. இல்லாததால் ஆகாது என்று சொல்லிவிட முடியாது.

முதல்நாள் நான் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ரேஞ்சருக்குப் போன் செய்து, மரபணுப் பரிசோதனை என்ன ஆயிற்று என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அனுப்பவே இல்ல மேடம். லேப்ல ஆறு மாசம் வரிசை நிக்குது. உங்க சான்று இருக்கு, அவன் வாக்குமூலம் இருக்கு, அதுவே போதும்னு விட்டுட்டேன்."

"ஓ, நல்லது" என்றேன்.

அனுப்பியிருந்தால் விடை தானாக வந்திருக்கும், யாரும் யாரையும் எதுவும் கேட்டிருக்க வேண்டாம். எனக்கு இன்று பயமாக இருந்தது. காரணம் தெரியவில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்திருந்தது, அதனாலாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். மழை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நஸ்ரின் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மேடம், நீங்க எழுதலைன்னா நான் எழுதட்டுமா? உங்களக் கொற சொல்ல மாட்டேன். இன்னொரு தடவ பாக்கணும்னு மட்டும் எழுதுறேன்."

"துறைத் தலைவர் கையெழுத்து இல்லாம துறையிலேர்ந்து ஒரு கடிதமும் போகாது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். அதனாலதான் உங்ககிட்ட வந்து கேக்குறேன்."

அவளுக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு. அந்தக் கோப்பில் நான் எழுதும் குறிப்புதான் முக்கியம். அதை நான் ஞாபகப்படுத்தினேன். மிரட்டவில்லை, ஞாபகப்படுத்தினேன். அவள் எழுந்து, "ரெக்கார்டு நோட் கையெழுத்துக்கு இருக்கு மேடம்" என்று வைத்துவிட்டுப் போனாள். அறுபத்துநாலு நோட்டு. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். வனத்துறை சார்பில் எனக்குப் பொன்னாடை. தனுஷ்கோடி மேடையில் பேசினார்: வேட்டைக்காரர்கள் தப்பிவிடுவதற்குக் காரணமே இறைச்சியை இன்னதென்று சொல்ல ஆள் இல்லாததுதானாம், இந்த ஊருக்கு மேடம் இருக்கிறார்களாம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இறங்கும்போது காதருகில் சொன்னார். "அந்தாளு இப்ப வழிக்கு வந்துட்டான் மேடம். என் சொந்த ஆடு, சொந்த ஆடுன்னு ஒத்தக்கால்ல நின்னான். இப்பப் பேச்சில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை எங்கேயாவது எழுத வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். பொன்னாடையை பீரோவின் அடித்தட்டில் வைத்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

வீருசின்னம்மாள் வந்தாள். ஆடு இல்லை. மஞ்சள் பையில் ஏலக்காய் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"அன்னிக்கு உங்ககிட்டச் சண்டைக்கு வந்த மாதிரி வந்துட்டேன் டீச்சர். மனசுல வச்சுக்காதீக."

சண்டை எதுவும் இல்லை என்றேன்.

"செயில்ல அவரப் பாத்துட்டு வாரேன். அவரும் அதத்தான் சொல்றாரு. முப்பது வருசம் படிப்புச் சொல்லிக் குடுக்கிறவுக பாத்து எழுதியிருக்காக, அது பொய்யா இருக்காது, நாமதான் கண்ணு தெரியாம வளத்திருக்கோம்கிறாரு. அதோட தாய் வரையில அலைஞ்சப்ப அந்தக் கல்லாட்டுக் கெடா கூடச் சேந்திருக்கும், அந்த ரத்தம் கொம்புல வந்திருக்கும்னு ராவும் பகலும் அதையே பேசுறாராம். அப்படி நடக்குமா டீச்சர்?"

"நடக்காது" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. வகுப்பில் யாராவது கேட்டால் சொல்வதுபோல வந்துவிட்டது. "ரெண்டும் வேற வேற பேரினம். குட்டி தங்காது."

"அப்ப அது என்னதான் டீச்சர்?"

நான் மேசை டிராயரைத் திறந்து மூடினேன். பதில் வராது என்று தெரிந்ததும் அவளே பேச்சை மாற்றி, எனக்குச் சிரமம் இல்லாமல் செய்தாள்.

"பதினெட்டாம் தேதி கேசு. ஒத்துக்கிட்டா கொறச்சுப் போடுவாகன்னு யாரோ உள்ள சொல்லியிருக்காக. ஒத்துக்கிறேங்கிறாரு. நானும் சரின்னுட்டேன்."

ஆட்டை எங்கே காணோம் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அதோட கூடப் பொறந்ததுதான, அப்ப இதுவும் அந்தச் சாதிதான? வீட்ல வச்சிருந்தா என்னையும் புடிச்சிட்டுப் போவாகல்ல. வரையில கொண்டு போயி ஓட்டிவிட்டேன். ரெண்டு நாளு திரும்பித் திரும்பி வீட்டுக்கே வந்துச்சு. கல்லெடுத்து எறிஞ்சேன். காலுல பட்டுச்சு. அதுக்கப்புறம் வரல."

அழவில்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். போனபிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அது வெள்ளாடு. கேப்ரா ஹிர்கஸ். இந்த நோட்டில் முதல் தடவையாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினேன். நாலு தடவை கிழித்தேன். ஐந்தாவது இப்படி நிற்கிறது: 'மேற்படி கொம்பு வரையாட்டினுடையது என்று 11.7 அன்று நான் அளித்த சான்று தவறானது என்றும், அது வீட்டு வெள்ளாட்டினுடையது என்றும் மறுபரிசீலனையில் தெரியவந்தது.' தெரியவந்தது என்றால் யாருக்கு, எப்போது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அரசாங்கக் கடிதங்களில் எல்லாமே தானாகத்தான் தெரியவரும்.

நாளையே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

செப்டம்பர் 16, திங்கள்

மாதாந்திரத் தேர்வு. முடியவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

நாளை காலை பத்தரைக்குத்தான் கோர்ட். காலையில் போனால் போதும்.

செப்டம்பர் 18, புதன்

ஏழே முக்காலுக்குக் கிளம்பினேன். கடிதம் கைப்பையில். முழங்காலுக்கு பெல்ட் போட்டுக்கொண்டு பேருந்து நிலையம் வரை ஆட்டோவில் போனேன். முதல் தேனி வண்டியில் ஒரே கூட்டம், ஏற முடியவில்லை. இரண்டாவதில் இடம் இருந்தது, ஏறவில்லை.

ஒன்பதரைக்குக் கல்லூரி வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். மூன்று மணிக்குக் கடிதத்தைத் தபால் அலுவலகத்தில் ஸ்பீட் போஸ்ட் செய்தேன். நாளைக்குச் சேர்ந்துவிடும் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்.

செப்டம்பர் 19, வியாழன்

நேற்றே ஒத்துக்கொண்டிருக்கிறார். குறைந்தபட்சத் தண்டனையே மூன்று வருடமாம், அதற்குக் கீழே சட்டத்தில் இடம் இல்லையாம். மூன்று வருடம். நஸ்ரின்தான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு உட்காராமல் போய்விட்டாள். நான் வகுப்பு எடுக்கவில்லை.

செப்டம்பர் 25, புதன்

தனுஷ்கோடி வந்தார். என் கடிதத்தின் நகல் அவருக்கும் போயிருக்கிறது. நின்றுகொண்டே அதை இன்னொரு தடவை படித்தார்.

"மறுபரிசீலனைன்னு போட்டிருக்கீங்க. எப்ப மேடம் பண்ணீங்க? கொம்பு அன்னியிலேர்ந்து எங்க ஆபீஸ் பீரோவுலதான் இருக்கு. நீங்க ஒருநாளும் வந்து பாக்கலையே."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

"லேபுக்கு அனுப்ப வேணாம்னு சொன்னவன் நான். உங்க கையெழுத்து இருக்கே, அதுக்கு மேல என்னன்னு இருந்துட்டேன். அந்தாளு என் காலப் புடிச்சு, அய்யா ஒருக்கா வீட்ல வந்து இன்னொரு ஆட்டப் பாருங்கன்னான். படிச்சவுக பேப்பர்லயே சொல்லிட்டாக, நீ யாருடான்னு கேட்டேன்." ஒரு ஜாடியின் சீட்டைக் குனிந்து படித்தார். "இன்னிக்கு லேபுக்கு அனுப்பிட்டேன். அப்பீலுக்கு நானும் எழுதித் தரேன். ஆறு மாசம் ஆகும் மேடம். உள்ள இருக்கிறவனுக்கு அது ஆறு மாசம்."

டீ வந்தது. குடிக்காமல் போனார்.

அக்டோபர் 3, வியாழன்

இலவச சட்ட உதவியில் பொம்மையனுக்கு அப்பீல் எடுத்திருக்கும் வக்கீலைப் பார்த்தேன். சின்ன வயதுக்காரர், வேகமாகப் பேசுகிறார். ஒரு வாரம் முன்னால் இந்தக் கடிதம் வந்திருந்தால் வழக்கே நின்றிருக்காது என்றார். தெரியும் என்றேன். ஒரு நாள் முன்னால் வந்திருந்தாலே போதும் என்று அவர் சொல்லவில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

"கடிதத்துல பின்னாடி தெரியவந்ததுன்னு இருக்குல்ல, அப்படியே நிக்கட்டும் மேடம். முதல்லயே தெரியும்கிற மாதிரி எங்கயும் வாயத் தொறந்துடாதீங்க. தெரிஞ்சே பொய்ச் சான்று குடுத்ததா உங்க மேல வழக்கு வந்துரும். மே மாசம் ரிட்டையர்மெண்டுன்னீங்க, அதுவும் சிக்கலாயிடும்."

புதன்கிழமை சிறையில் பொம்மையனிடம் அப்பீல் தாளில் கைநாட்டு வாங்கப் போகிறாராம். நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டார். பார்க்க வேண்டும் என்றேன்.

அக்டோபர் 7, திங்கள்

வரையாடு தினம். ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போகவில்லை. நஸ்ரின் போனாள். அவள் பதவி உயர்வுக் கோப்பில் எழுத வேண்டியதை இன்று எழுதி முடித்தேன். நன்றாகவே எழுதினேன். அவள் நன்றி சொல்லவில்லை, எதிர்பார்க்கவும் எனக்கு முகம் இல்லை.

அக்டோபர் 9, புதன்

இந்தத் தடவை முதல் பேருந்திலேயே ஏறிவிட்டேன். நின்றுகொண்டே போனேன்.

சிறை வாசலில் வீருசின்னம்மாள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். டீச்சர் என்று எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியாமல் கொஞ்சம் நின்றுவிட்டு, ஓரமாக உட்கார்ந்தேன். பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்த ஆட்ட நாலு நாளாத் தேடுனேன். கெடைக்கல. அந்தப் பக்கம் செந்நாய் இருக்கு."

உள்ளே வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் பொம்மையன் வந்தார். நான் நினைத்து வைத்திருந்த ஆள் இல்லை. ஒல்லி, என் வயது இருக்கும், சவரம் செய்த முகம். என்னைப் பேப்பர் படத்தில் பார்த்திருக்கிறார் போல. பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வரவில்லை.

வக்கீல் தாளை நீட்டி எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று காட்டினார். அவர் வைக்கவில்லை.

"ஒத்துக்கிட்டப்புறம் இல்லைன்னு சொல்றது தப்பில்லைங்களா? அந்த ஆடு அந்தச் சாதிதான. டீச்சரே எழுதிக் குடுத்திருக்காக."

"நான் தப்பா எழுதிட்டேங்க" என்றேன். "அது உங்க ஆடுதான். நீங்க வளத்த ஆடுதான். வேற எந்த ரத்தமும் அதுல இல்ல."

அவர் வீருசின்னம்மாளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டார். எதையோ முதலிலிருந்து அடுக்கிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு வக்கீல் காட்டிய இடத்தில் மையில் விரலை ஒற்றி வைத்தார். துடைக்கத் துணி இல்லாமல் விரலைத் தனியாகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சதுங்க?"

வக்கீல் என் கையை லேசாகத் தொட்டார். ஜெயில் காவலர் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கே தெரியும்" என்றேன். "சாக்கப் பிரிச்ச அன்னிக்கே. நாலு பேர் முன்னாடி வேற மாதிரிச் சொல்லிட்டேன், மாத்திச் சொல்ல முடியல."

வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீருசின்னம்மாள் அசையவில்லை. பொம்மையன்தான் தலையை ஆட்டினார், நான் சொன்னது புரிகிறது என்பதுபோல.

"அன்னிக்கு எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு டீச்சர்" என்றார். "அப்புறந்தான் தெரியாமப் போச்சு."